பச்சை அட்டைத் தீர்ப்பு

எங்கள் வக்கீல் சங்க அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. விராலிமலை முருகன் பேரில் அதற்கு ஒரு பாஸ்வேர்டு. யாரும் மறந்துவிடக் கூடாது என்றுதான் சாமி பேரை வைத்தார்கள். பிறகு எதற்கு அதைத் துண்டுக் காகிதத்தில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டினார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தின் சின்ன ஊர் ஒன்றில் இருக்கிறது எங்கள் கோர்ட். அங்கே தொழில் செய்கிற அத்தனை வக்கீல்களுக்கும் சட்டப் புத்தக அலமாரி என்றால் இப்போது அந்தப் பெட்டி ஒன்றுதான். அதன் முன்னால் உட்காரவே எனக்குப் பயமாக இருக்கிறது. குறுக்கு விசாரணையில் யாரையும் விட்டுவைக்காத பொம்பளை ஒரு கம்ப்யூட்டருக்குப் பயப்படுகிறாளே என்று என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். அவருக்கு என்ன, அவர் பார்ப்பது உரக்கடை.

மேல்கோர்ட் தீர்ப்புகளில் எது முக்கியமோ அதைப் பொறுக்கி எடுத்து, தலையில் ஒரு சுருக்கம் எழுதி, மாதாமாதம் புத்தகமாகப் போட்டு விற்பது ஒரு தனி வியாபாரம். வக்கீலுக்கு அது இல்லாமல் முடியாது. 'இதே மாதிரி வழக்கில் மேல்கோர்ட் இப்படிச் சொல்லியிருக்கிறது' என்று எடுத்துக் காட்டினால்தான் நம் பேச்சு எடுபடும். அதைத்தான் சைட்டேஷன் என்போம். நான் தொழிலுக்கு வந்தபோது எங்கள் பக்கம் மூன்று பதிப்பகங்களின் புத்தகங்கள் வந்துகொண்டிருந்தன. அட்டை நிறத்தை வைத்துச் சிவப்பு, நீலம், பச்சை என்று சொல்வோம். சிவப்பு பெரிய கம்பெனி, நாடு முழுக்கப் போகும். நீலத்தில் சுருக்கம் நன்றாக இருக்கும். பச்சை, தெற்கே ஒருவர் சொந்த அச்சகத்தில் போட்டது. மற்ற இரண்டு பேரும் சீந்தாத கண்மாய் வழக்கு, வண்டிப்பாதை வழக்கு, கிணற்றுப் பங்கு வழக்கு எல்லாம் அதில்தான் வரும். எங்கள் மாதிரி ஊர் வக்கீல்களை நம்பியே அது பிழைத்தது.

அந்த மூன்று பேருக்கும் நடந்த போட்டி எங்களுக்குக் கொண்டாட்டமாக இருந்தது. ஏஜெண்டுகள் தேடி வருவார்கள். பச்சை அட்டைக்காரர் பஸ்ஸில் பையோடு வந்து இறங்கி, "அக்கா, இந்த மாசம் ஒங்களுக்குன்னே ஒரு கண்மாய் கேஸ் போட்டிருக்கோம், பாருங்க" என்பார். யார் எந்தப் புத்தகத்தை நம்புகிறார் என்பது அவரவர் ரகசியம். வாதத்துக்குப் போகும்போது புத்தகத்தைச் செய்தித்தாளில் சுற்றித்தான் எடுத்துப் போவோம். அட்டை நிறம் தெரிந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் ஓடிப்போய் அதே தொகுதியைப் புரட்டிப் பதில் தேடிவிடுவார். புடவைக் கடைப் பொட்டலம் மாதிரி அதைக் கோர்ட்டுக்குள் கொண்டுபோய், நம் முறை வந்ததும் தாளைப் பிரிப்போம். அந்த நேரத்தில் எதிர்த்தரப்பு முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் வக்கீலானேன் என்றுகூடச் சொல்வேன்.

பிறகு ஆன்லைன் வந்தது. சிவப்பு அட்டைக் கம்பெனியின் ஆள் ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்து, சங்கத்தில் எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்து, ஒரு சொல்லைத் தட்டிக் காட்டினார். தீர்ப்புகள் கொட்டின. வாயைப் பிளந்து பார்த்தோம். ஆரம்பத்தில் கிட்டத்தட்ட சும்மாதான் கொடுத்தார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். பாதி நாள் புரட்டித் தேடுவதை டீ ஆறுவதற்குள் முடித்துவிடலாம். புத்தகச் சந்தாவை ஒவ்வொருவராக நிறுத்தினோம். நீலம் அச்சடிப்பதை நிறுத்திவிட்டு, கொஞ்ச நாளில் சிவப்பிடமே விலை போனது. பச்சை மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்று பார்த்தது. கடைசியில் அதையும் சிவப்பே வாங்கியது.

அதற்குப் பிறகு பிரியாணி கிடையாது. சந்தா வருஷா வருஷம் ஏறியது. விலை கேட்டுப் பார்க்க வேறு கடை இல்லை. தனியாகக் கட்ட யாராலும் முடியாமல், சங்கத்தின் பேரில் ஒரே கணக்கு வாங்கி, ஒரு கம்ப்யூட்டரில் வைத்து எல்லாரும் பார்த்துக்கொள்வது என்று முடிவானது. பழைய பச்சைத் தொகுதிகள் எல்லாம் உள்ளே ஏற்றப்படும் என்று டை கட்டியவர் சொல்லிவிட்டுப் போனார். ஆவுடையார்கோவிலில் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. நான் அங்கே போயிருந்த சமயம் அலமாரிகளைக் காலி செய்து, கறையான் ஏறிவிட்டது என்று சொல்லி, புத்தகங்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டார்கள். வந்து பார்த்தால் அலமாரி இருந்த இடத்தில் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் மாட்டியிருந்தது. நான் கத்தியது தெருவுக்குக் கேட்டிருக்கும். "எல்லாம் உள்ள இருக்குங்க மேடம்" என்று செயலாளர் கம்ப்யூட்டரின் தலையில் தட்டிக் காட்டினார்.

இப்படி இருக்கும்போதுதான் வல்லத்திராக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு கணவனும் மனைவியும் என்னிடம் வந்தார்கள். அவர் வளைகுடா நாட்டில் கம்பி கட்டும் வேலை பார்த்துச் சேர்த்த காசில் கொஞ்சம் நிலமும் கிணறும் வாங்கி, மல்லிகை போட்டிருந்தார். விடிவதற்கு முன் மொட்டைப் பறித்து, பைக்கில் வைத்துப் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். பொழுது ஏறினால் மொட்டு விரிந்துவிடும், வாங்க ஆள் இருக்காது. நிலத்துக்குப் போகிற வண்டிப்பாதை முன்னால் இருக்கிற வயல் வழியாக ஓடியது. அந்த வயலை வெளியூர் வியாபாரி ஒருவர் குடோன் கட்ட வாங்கி, பாதையை மறித்துக் கம்பிவேலி போட ஆரம்பித்துவிட்டார்.

"சுத்திப் போகலாமேங்கிறாரு மேடம்" என்றார் அந்த அம்மா. பேச்செல்லாம் அவருடையதுதான். கணவர் பக்கத்தில் துண்டை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அங்கிட்டு கம்மாக்கரை இருக்குல்ல, அதுல போங்கிறாரு. கோடையில போயிரலாம். மழை பேஞ்சா கரையில பாதி தண்ணிக்குள்ள போயிரும். அப்ப நாங்க பறந்தா போறது?"

கேட்டதும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. வேறு வழி இருந்தால் அடுத்தவர் நிலத்தில் பாதை கேட்க முடியாது என்பது பொதுவான சட்டம். ஆனால் மழைக்காலத்தில் தண்ணீருக்குள் போகிற கண்மாய்க் கரையை வேறு வழியாகக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று மேல்கோர்ட்டின் பழைய தீர்ப்பு ஒன்று உண்டு. பச்சை அட்டையில் வந்தது. ஒரு தடவை அதை வைத்தே ஜெயித்திருக்கிறேன். "கவலைப்படாம போங்க, நம்ம பக்கம் தீர்ப்பே இருக்கு" என்றேன். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வழக்குப் போட்டு, அது முடிகிறவரை வேலி போடக் கூடாது என்று இடைக்காலத் தடையும் கேட்டேன். இடத்தைப் பார்த்து அறிக்கை கொடுக்கக் கோர்ட் ஒரு வக்கீலைக் கமிஷனராக அனுப்பியது. அவர் போனது சரியான கோடையில். கண்மாய் காய்ந்து வெடித்துக் கிடந்தது, பிள்ளைகள் உள்ளே கிரிக்கெட் விளையாடினார்கள். கரை வழியாகத் தாராளமாகப் போய்வரலாம் என்று போட்டோவோடு எழுதிக் கொடுத்துவிட்டார். அதில் பொய் இல்லை. ஆனால் இனி அந்தப் பழைய தீர்ப்பு ஒன்றுதான் எங்களைக் காப்பாற்ற முடியும் என்று ஆகிவிட்டது.

சங்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தேடினேன். என் பழைய வழக்குக் கட்டில் அந்தத் தீர்ப்பின் வருஷமும் பக்கமும் இருந்தன, அதிலிருந்து நான் எடுத்து எழுதிய சில வரிகளும் இருந்தன. வருஷத்தைப் போட்டேன், பக்கத்தைப் போட்டேன், கண்மாய் என்று போட்டேன், கரை என்று போட்டேன், வெள்ளம் என்று போட்டேன். ஒன்றுமில்லை. வேறு வழி இருந்தால் பாதை கிடையாது என்கிற தீர்ப்புகள்தான் அடுக்கடுக்காக வந்து நின்றன. பச்சைத் தொகுதிகள் இருக்க வேண்டிய பக்கத்தைத் திறந்தால் 'விரைவில்' என்று மட்டும் இருந்தது. மறுநாளும் தேடினேன், அதற்கு மறுநாளும் தேடினேன். கோர்ட்டுக்கு வந்ததும் முதல் வேலை அதுவாகத்தான் இருந்தது.

தெரிந்த வக்கீல் வீடுகளில் எல்லாம் கேட்டேன். எல்லார் வீட்டிலும் பேப்பர்காரர் வந்து போயிருந்தார். மேல்கோர்ட்டில் நகல் கேட்டு மனுப் போட்டேன். பழைய கட்டு, தேடி எடுக்க வேண்டும் என்றார்கள். பச்சை அட்டை ஏஜெண்டின் நம்பர் இருந்தது. அவர் இப்போது இன்ஷூரன்ஸ் பிடிக்கிறார்.

"பழைய தொகுதி ஒண்ணு கிடைக்குமா தம்பி? எந்த வெலையா இருந்தாலும் பரவாயில்ல."

"எங்கக்கா கிடைக்கும்? மொதலாளி விக்கும்போதே குடோன்ல இருந்ததையும் சேத்து அள்ளிட்டுப் போயிட்டாங்க. இனிமே அச்சடிக்கவும் கூடாது, விக்கவும் கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்காங்க."

"அப்ப ஏத்த வேண்டியதுதானே? எத்தனை நாளாச்சு?"

"அவங்களுக்கு என்னக்கா அவசரம்? வேற எவன்கிட்ட போவீங்க?" என்றார். குத்திக் காட்டும் குரலில் சொல்லவில்லை. ஒரு கண்மாய் வழக்கை யார் படிக்கலாம், எப்போது படிக்கலாம் என்பது எங்கேயோ ஒரு ஆபீசில், எங்கள் ஊர்ப் பேரே தெரியாதவர்கள் கையில் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வாதத்துக்கு வாய்தா வந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் எங்கள் சங்கத்துக்காரர்தான். என்னைவிட மூத்தவர், நான் அண்ணே என்பேன், அவர் தங்கச்சி என்பார். நான் எழுந்து, பழைய வழக்கில் எடுத்து எழுதியிருந்த வரிகளைப் படித்தேன், வருஷத்தையும் பக்கத்தையும் சொன்னேன். மனசுக்குள் ஒரு நப்பாசை. தொகுதி எண்ணோடு அழுத்திச் சொன்னால் அண்ணன் அதோடு விட்டுவிடுவார், சாதாரணமாக அப்படித்தான் விடுவார். அன்றைக்கு விடவில்லை. நான் உட்காருவதற்குள் எழுந்துவிட்டார்.

"முழுத் தீர்ப்பையும் தாக்கல் பண்ணச் சொல்லுங்கய்யா. அப்படி ஒரு தீர்ப்பு எந்தப் பதிவுலயும் இல்லை."

நீதிபதி இளைஞர், மரியாதையாகப் பேசுகிறவர். தன் முன்னால் இருந்த லேப்டாப்பில் அவரும் தேடினார். அவருக்கும் அதே கம்பெனிதான். அவர் விரல் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. இப்போதெல்லாம் இல்லாத தீர்ப்பை இருப்பது மாதிரியே கம்ப்யூட்டர் எழுதிக் கொடுக்கிறது. அதை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்து மாட்டிக்கொண்ட வக்கீல்களைப் பற்றி எல்லாக் கோர்ட்டிலும் பேச்சு. அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையில் அந்தச் சந்தேகம் இருந்தது. இத்தனை வருஷத்தில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

"நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லலை மேடம்" என்றார். "ஆனா முழுசா கண்ணால பாக்காம நான் எப்படி எடுத்துக்கிறது? கமிஷனர் அறிக்கை வேற வழி இருக்குன்னு தெளிவா சொல்லுது."

நகல் வரும்வரை அவகாசம் கேட்டேன். ஏற்கனவே போதுமான அவகாசம் கொடுத்தாயிற்று என்று தடை மனுவைத் தள்ளிவிட்டார். அடுத்த நாளே வேலியின் மிச்சக் கம்பியையும் கட்டி முடித்தார்கள்.

வெளியே டீக்கடையில் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். "அது எங்கிட்ட இல்லைன்னு ஒங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

அவர் டீயை ஆற்றிக்கொண்டே, சங்கடப்படாமல் சொன்னார். "சங்கத்துப் பெட்டியில ஒரு எழுத்தைத் தட்டுனா, முன்னாடி ஆளுங்க தேடுனதெல்லாம் வரிசையா கீழ வந்து நிக்குதேம்மா. நீ பாட்டுக்கு டெய்லி கம்மாக்கரை கம்மாக்கரைன்னு தேடியிருக்க. கிடைச்சிருந்தா ஏன் மறுபடி மறுபடி தேடப் போற?"

ஒரு காலத்தில் அட்டை நிறம் தெரியாமல் தாளில் சுற்றி எடுத்துப்போன நாங்கள், எல்லாரும் சேர்ந்து ஒரே கணக்கு வாங்கி, ஒரே பாஸ்வேர்டைத் திரைக்குக் கீழே ஒட்டி, அவரவர் மனசில் ஓடுவதை அடுத்தவர் படிக்க வைத்திருக்கிறோம். "நான் தேடுறதையும் நீ பாத்துக்கயேன், நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்?" என்று அண்ணன் சிரித்தார். என் டீக்கும் அவரே காசு கொடுத்தார்.

மேல்கோர்ட்டுக்குப் போனோம். அந்தத் தீர்ப்பைச் சொன்ன கோர்ட்டே அதுதான், ஆனாலும் பழைய கட்டை இன்னும் தேடுகிறோம் என்றார்கள், நகல் கைக்கு வரவில்லை. அங்கேயும் அதே தேடல், அதே வெறும் திரை. சிறிய உத்தரவுதான் போட்டார்கள். இப்படி ஒரு பழைய தீர்ப்பு இருப்பதாகச் சொல்லப்படுகிறது, அதைப் பின்பற்ற இயலவில்லை, வேறு வழி இருப்பதால் மனு தள்ளுபடி. மூல வழக்கு கீழ்க்கோர்ட்டில் இன்னும் நடக்கிறது, சாட்சி விசாரணையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன்.

"நம்ம பக்கம் இருக்குன்னு சொன்னீங்களே மேடம், அது எங்கதான் இருக்கு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிச் சொல்லி ஆறியிருப்பேன். அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"வந்துரும்" என்றேன்.

கண்மாய்க் கரையைச் சுற்றிப் போய்வந்தார்கள். பைக் போகிற இடம்வரை கணவர் பூ மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு போனார். பிந்திப் போய்ச் சேருகிற பூவை மார்க்கெட்டில் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாங்கினார்கள். மழைக்கு முன் ஏதாவது நடந்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே பதைப்பு. எங்கள் மாவட்டத்தில் மேகம் கூடினால் மனசு குளிராத ஆளே கிடையாது. இந்த ஐப்பசியில் கிழக்கே கறுக்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கறுத்தது கொட்டித் தீர்த்தது. மழை வெறித்த ஒரு காலையில், வேறொரு ஊர்க்காரரின் பாதை வழக்குக்காகச் சங்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். யார் பார்த்தால் என்ன என்று பழக்கத்தில் கண்மாய்க் கரை என்றுதான் தட்டினேன். முதல் வரியிலேயே வந்து நின்றது. பச்சை அட்டை, அதே வருஷம், அதே பக்கம். ஒருவழியாக ஏற்றிவிட்டிருக்கிறார்கள். திறந்தேன். நான் எடுத்து எழுதியிருந்த வரிகள் எழுத்து மாறாமல் அங்கே இருந்தன. எழுந்து நின்று கத்தலாம் போல இருந்தது.

அப்புறம்தான் தலைப்புக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்புக் குறியைப் பார்த்தேன். ஒரு தீர்ப்பைப் பிற்பாடு வேறு கோர்ட் ஏற்காமல் போனால் அந்தக் கம்பெனி அப்படி ஒரு குறி போடும், அது தானாகவே விழும். சிவப்பைப் பார்த்துவிட்டால் எந்த வக்கீலும் அதைத் தொடமாட்டார், எந்த நீதிபதியும் மேற்கொண்டு படிக்கமாட்டார். குறிக்குக் கீழே 'பின்பற்றப்படவில்லை' என்று இருந்தது. பின்பற்றாத வழக்கு எது என்று பார்க்க அதன் மேல் தட்டினேன். எங்கள் வழக்குதான். இனி கீழ்க்கோர்ட்டில் சாட்சி விசாரணை முடிந்து நான் அந்தத் தீர்ப்பை நீட்டும்போது நீதிபதி முதலில் பார்க்கப்போவது அந்தக் குறியைத்தான். கண்மாய்க் கரையை நம்பி இனிமேல் எந்த ஊரிலிருந்து யார் வந்தாலும் அவர்களுக்கும் அதுதான்.

கைபேசி அடித்தது. அந்த அம்மா.

"மேடம், கரை முங்கிருச்சு. அங்கிட்டும் போக முடியல, இங்கிட்டும் வர முடியல. மொட்டெல்லாம் செடியிலயே வெடிச்சுக் கெடக்கு, இவரு வேலியப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு." மூச்சு வாங்கினார். "அந்தத் தீர்ப்பு வந்துருச்சாங்க?"

"வந்துருச்சும்மா" என்றேன்.

"அப்பாடா. இனிமே நம்ம பக்கம்தானே மேடம்?"

திரையில் அந்தச் சிவப்புக் குறிக்கு நேராக அவர் கணவருடைய பெயர் இருந்தது.